நாலு கம்ப்யூட்டரும் ஒரே தப்பைச் செஞ்சா?

(ஒலி வடிவத்திலிருந்து வாசிப்புக்காகத் திருத்தப்பட்டது)

இன்னைக்கு எபிசோட் ஒரு கையெழுத்தைப் பத்தினது. ஒரு போர் விமானம் முதல் தடவை பறக்கறதுக்கு முன்னாடி, "இதுல இருக்கற எலக்ட்ரானிக்ஸ் சரியா வேலை செய்யும், ஒரு மனுஷனை இதுல உக்கார வைக்கலாம்"னு யாராவது கையெழுத்து போடணும். அந்த ஆள் எதை நம்பி போடறார்? இந்த ஒரு கேள்விதான் இன்னைக்கு. பதில் தேடிப் போனா பெங்களூரு, நியூயார்க், ஆஸ்திரேலியா எல்லாம் சுத்திட்டு கடைசியில கோயம்புத்தூர் பக்கம் சூலூர்ல வந்து நிப்போம்.

18 நிமிஷம்

2001 ஜனவரி 4. பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிலையம். விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் ஒரு சின்ன, வாலில்லாத முக்கோண இறக்கை விமானத்துல ஏறி ஓடுபாதையை விட்டு மேல போறார். மொத்தம் 18 நிமிஷம் பறந்து பத்திரமா இறங்கறார். அப்ப அந்த விமானத்துக்கு இலகு ரக போர் விமானம், எல்.சி.ஏ.ங்கற பேர்தான். 'தேஜஸ்'ங்கற பேரை 2003 மே மாசம் பிரதமர் வாஜ்பாய் வச்சார்.

18 நிமிஷம்ங்கறது கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா இந்தத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கிடைச்சது 1983ல. அடுத்த வருஷம் இதுக்குன்னே ஏ.டி.ஏ.ன்னு ஒரு தனி நிறுவனம் தொடங்கினாங்க. திட்ட இயக்குநர் கோட்டா ஹரிநாராயணா. 1995 நவம்பர் 17ஆம் தேதி முதல் விமானத்தை வெளிய கொண்டு வந்து நாட்டுக்கே காட்டியாச்சு. காட்டின விமானம் பறக்க இன்னும் 5 வருஷத்துக்கு மேல ஆச்சு.

"இஞ்சின் இருக்கு, இறக்கை இருக்கு, பைலட் இருக்கார், அப்புறம் என்னத்துக்கு மக்ளே 5 வருஷம்?"னு எங்க ஊர்க்காரங்க கேப்பாங்க. நியாயமான கேள்விதான். தாமதத்துக்குப் பல காரணம் உண்டு. அதுல ரொம்பப் பெரிய ஒண்ணு, பைலட்டுக்கும் இறக்கைக்கும் நடுவுல உக்காந்திருந்த கம்ப்யூட்டர்.

உள்ளங்கையில நிக்கிற கம்பு

பழைய விமானங்கள்ல பைலட் ஸ்டிக்கை இழுத்தா கம்பி, தண்டு வழியா இறக்கையோட மடிப்பு அசையும். தேஜஸ்ல அப்படி ஒரு கம்பியே கிடையாது. பைலட் ஸ்டிக்கை அசைச்சா அது மின்சார சிக்னலா கம்ப்யூட்டருக்குப் போகும். என்ன செய்யலாம்னு கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு இறக்கைக்குக் கட்டளை கொடுக்கும். இதுக்குப் பேர்தான் ஃப்ளை பை வயர்.

சரி, எதுக்கு இந்த வம்பு? தேஜஸை வேணும்னேதான் நிலையில்லாத விமானமா வடிவமைச்சாங்க. ஒரு கம்பை உள்ளங்கையில நிமிர்த்தி நிறுத்திப் பாத்திருப்பீங்க. கையை ஓயாம அசைச்சுக்கிட்டே இருந்தாத்தான் கம்பு நிக்கும். ஆனா அந்தக் கம்பை எந்தப் பக்கம் வேணும்னாலும் சட்டுனு சாய்க்கலாம். போர் விமானத்துக்கு அந்தச் 'சட்டுனு'தான் தேவை. அதுக்கு விலை, அந்தக் கையை ஒரு நொடி கூட நிறுத்த முடியாது. ஒரு நொடிக்குள்ள எத்தனையோ தடவை திருத்தம் கொடுக்க மனுஷனால ஆகாது, கம்ப்யூட்டராலதான் ஆகும். கம்ப்யூட்டர் நின்னா விமானம் போச்சு.

இதுல மத்த நாடுகளும் அடிபட்டிருக்கு. ஸ்வீடனோட கிரிபென் விமானம் 1989 பிப்ரவரியில தரையிறங்கும்போது புரண்டு விழுந்துச்சு. 1993 ஆகஸ்ட்ல ஸ்டாக்ஹோம் நகரத்துக்கு மேல சாகசம் காட்டும்போது இன்னொண்ணு விழுந்துச்சு. ரெண்டுலயும் பிரச்சினை பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்புல. ரெண்டு தடவையும் ஒரே பைலட், ரெண்டு தடவையும் உயிர் பிழைச்சார். பெங்களூருல வேலை செஞ்சவங்க இதையெல்லாம் கவனிக்காம இருந்திருக்க முடியாது.

அதனால ஒரு கம்ப்யூட்டர் போதாது. தேஜஸ்ல ஒரே வேலையைச் செய்ய நாலு தடம் இருக்கு. நாலும் ஒரே கணக்கைப் போடும், விடையை ஒப்பிடும். ஒண்ணு மட்டும் வேற விடை சொன்னா அதை ஒதுக்கிட்டு மத்த மூணும் விமானத்தை ஓட்டும். நம்ம பஞ்சாயத்து மாதிரிதான், பெரும்பான்மை சொல்றது தீர்ப்பு.

இங்கதான் கதையோட முக்கியமான திருப்பம். 1980களோட கடைசியில பிரான்ஸோட தசால்ட் நிறுவனம் நமக்கு ஒரு யோசனை சொல்லுச்சு. மூணு தடம் டிஜிட்டல், நாலாவது மட்டும் பழைய பாணி அனலாக். அவங்க ரஃபேல்லயும் இதே ஏற்பாடுதான். நாம அதை எடுத்துக்கல. நாலுமே டிஜிட்டல்னு முடிவு பண்ணினோம். வருங்காலம் டிஜிட்டல்தான்னு பாத்தா அது தைரியமான, சரியான முடிவு.

ஆனா அந்த அனலாக் தடம் எதுக்கு இருந்துச்சுன்னு கொஞ்சம் யோசிங்க. பரீட்சையில நாலு பசங்க ஒரே கைடைப் படிச்சுட்டு வந்து எழுதறாங்க. ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தா மத்த மூணு பேர் இருக்காங்க. ஆனா கைடுலயே தப்பு இருந்தா? நாலு பேரும் ஒரே தப்பை, ஒரே மாதிரி, ஒரே நேரத்துல எழுதுவாங்க. பெரும்பான்மைன்னு பாத்தா அந்தத் தப்புதான் ஜெயிக்கும்.

நாலு தடம் இருக்கறது, உடைஞ்சுபோற பாகத்துகிட்ட இருந்து காப்பாத்தும். வடிவமைப்புலயே இருக்கற தப்புகிட்ட இருந்து காப்பாத்தாது. அனலாக் தடம் வேற கைடைப் படிச்ச பையன். அவனை வேண்டாம்னு சொன்ன பிறகு, "கைடுல தப்பே இல்ல"ன்னு நாமளே நிரூபிச்சாகணும். கையெழுத்துப் பிரச்சினை தொடங்கறது இங்க.

1998 மே

நிரூபிக்க துணைக்கு ஆள் தேடினாங்க. 1992ல தேசிய விமானவியல் ஆய்வகம், என்.ஏ.எல்., தலைமையில ஒரு தேசியக் குழு அமைச்சு கட்டுப்பாட்டு விதிகளை எழுத ஆரம்பிச்சாங்க. விதிகள்னா சட்டம் இல்ல, "ஸ்டிக் இவ்வளவு அசைஞ்சா மடிப்பு இவ்வளவு அசையணும்"ங்கற கணக்கு. 1993ல அமெரிக்காவோட மார்ட்டின் மரியெட்டா நிறுவனம் கூட்டாளியா வந்துச்சு. பின்னாடி அது லாக்ஹீட்கூட சேர்ந்து லாக்ஹீட் மார்ட்டின் ஆச்சு. நம்ம பொறியாளர்கள் நியூயார்க் மாநிலத்துக்குப் போய் அவங்ககூட உக்காந்து வேலை செஞ்சாங்க.

1996 ஜூலையில ஒரு அருமையான சோதனை நடந்துச்சு. அமெரிக்காவுல எஃப்-16 விஸ்டான்னு ஒரு விமானம் உண்டு. வேற விமானம் மாதிரி நடிக்கத் தெரிஞ்ச விமானம். அதுல நம்ம கட்டுப்பாட்டு விதிகளைப் போட்டு 33 தடவை பறந்து பாத்தாங்க. அதாவது தேஜஸ் பறக்கறதுக்கு நாலரை வருஷம் முன்னாடியே அதோட மூளையில ஒரு பகுதி வேற உடம்புல பறந்துடுச்சு.

அப்புறம் 1998 மே 11, மே 13. பொக்ரான். அணுகுண்டு சோதனை. அப்ப டி.ஆர்.டி.ஓ.வுக்குத் தலைமை நம்ம ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம். குண்டு சோதனையும் அவர் பொறுப்பு, எல்.சி.ஏ.வும் அவர் துறையோட பொறுப்பு. அமெரிக்கா தடை போட்டுச்சு. லாக்ஹீட் மார்ட்டினோட பங்கு அன்னையோட முடிஞ்சது. அங்க இருந்த நம்ம ஆட்கள் திரும்பி வர வேண்டியதாச்சு, நம்ம கருவிகள் அங்கயே மாட்டிக்கிச்சு.

இதை வழக்கமா "அமெரிக்கா கைவிட்டுச்சு, நாமளே செஞ்சு காட்டினோம்"னு ஒரு வரியில சொல்லி முடிச்சுடுவாங்க. கைதட்ட நல்ல வரிதான். ஆனா அதுல ஒரு விஷயம் விட்டுப் போகுது. பெட்டியை மறுபடி செய்யலாம், சர்க்யூட் போர்டை மறுபடி அடிக்கலாம். அதை விடக் கஷ்டம் வேற ஒண்ணு. "இந்தப் பெட்டியை இப்படியெல்லாம் சோதிச்சோம், இன்ன விடை வந்துச்சு, அதனால நம்பலாம்"னு சொல்ற சான்று. பெட்டி இல்லாம சான்று இல்ல. சான்று இல்லாம கையெழுத்து இல்ல.

அந்தச் சான்று ஏன் அவ்வளவு பெரிய வேலைன்னு புரிய எங்க ஊருக்கு ஒரு நடை போய்ட்டு வரலாம்.

ரப்பர் ஷீட்டும் அம்பலப்புழை பாயசமும்

நான் கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறைக்காரன். மலையடிவாரம், அரசு ரப்பர் கழகத் தோட்டங்கள், விடியறதுக்கு முன்னாடியே பால்வெட்டுக்குப் போற ஆட்கள். விமானத்துக்கும் எங்க ஊருக்கும் சம்பந்தம் இல்லைன்னு நினைச்சுடாதீங்க. விமான டயர்ல பெரும்பங்கு இன்னைக்கும் இயற்கை ரப்பர்தான். ஓடுபாதையில இடிச்சு இறங்கற சூட்டையும் அடியையும் தாங்க அதுதான் தோதுப்படுது.

ரப்பர் பாலை உறைய வச்சு, ரோலர்ல ஓட்டி, புகைப்புரையில காய வச்சா ஷீட். அதுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் தரம் பிரிப்பாங்க. எப்படித் தெரியுமா? ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிப்பாங்க. குமிழ் இருக்கா, தூசி இருக்கா, பூசணம் பிடிச்சிருக்கா? கண்ணுக்குத் தெரியும். முழு ஷீட்டையும் பாத்தாச்சுன்னா வேலை முடிஞ்சது. அந்த ஷீட்டை யார் அடிச்சாங்க, எந்த மனநிலையில அடிச்சாங்கன்னு எதுவும் கேக்க வேண்டாம். பொருளைப் பாத்தே தரம் சொல்லிடலாம்.

விமான எலக்ட்ரானிக்ஸ் உலகத்துல இதுக்குப் பேர் 'எளியது'. ஒரு சர்க்யூட்ல எது எது நடக்க வாய்ப்பு இருக்கோ அத்தனையையும் சோதனையாலயும் ஆராய்ச்சியாலயும் ஒண்ணு விடாம பாத்துட முடியும்னா அது எளியது. முடியலன்னா அது 'சிக்கலானது'. அளவு பெருசா சின்னதாங்கறது இல்ல கேள்வி. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிக்க முடியுமாங்கறதுதான் கேள்வி.

அந்தக் கோடு எங்க விழுது? எங்க நாஞ்சில் நாடு 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடதானே இருந்துச்சு, அதனால அம்பலப்புழை கதை எங்க வீடுகள்லயும் புழங்கும். ராஜா ஒருத்தர் சதுரங்கத்துல ஒரு பெரியவர்கிட்ட தோத்துப் போறார். பரிசா என்ன வேணும்னா, முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, ரெண்டாவதுக்கு ரெண்டு, மூணாவதுக்கு நாலு, இப்படி இரட்டிச்சுக்கிட்டே 64 கட்டத்துக்கும் வேணும்னு கேக்கறார். ராஜா சிரிச்சுட்டு சரிங்கறார். நாட்டுல இருக்கற அரிசி பத்தல. அந்தக் கடனுக்காகத்தான் கோயில்ல இன்னைக்கும் பால் பாயசம் கொடுக்கறாங்கன்னு முடியும் கதை.

இப்ப அரிசிக்குப் பதிலா சுவிட்ச் வைங்க. ஒரு சர்க்யூட்டுக்கு 10 உள்ளீடு இருந்தா, ஒவ்வொண்ணும் ஆன் அல்லது ஆஃப், மொத்தம் 1,024 நிலை. ஒரு மத்தியானத்துல சோதிச்சு முடிச்சுடலாம். 64 உள்ளீடு இருந்தா? அம்பலப்புழை கணக்குதான். சுமார் 1.84 லட்சம் கோடி கோடி. நொடிக்கு 100 கோடி நிலையைச் சோதிக்கற மெஷின் வச்சு ராத்திரி பகலா ஓட்டினாலும் 580 வருஷத்துக்கு மேல ஆகும். கிருஷ்ணதேவராயர் காலத்துல தொடங்கியிருந்தா கூட இன்னும் முடிஞ்சிருக்காது. இது நினைவாற்றல் இல்லாத சர்க்யூட்டுக்குச் சொன்ன கணக்கு. முந்தின நொடியில என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கற சிப்புக்கு இது இன்னும் மோசமாகும்.

ஆக, சிக்கலான சிப்பை முழுசா சோதிக்கவே முடியாது. பணம் இருந்தாலும் முடியாது, நேரம் இருந்தாலும் முடியாது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. 1994ல இன்டெலோட பென்டியம் சிப்ல தப்பு இருக்குன்னு கண்டுபிடிச்சவர் தாமஸ் நைஸ்லிங்கற கணிதப் பேராசிரியர். அவர் சிப்பைச் சோதிக்கவே இல்ல, பகா எண்களைப் பத்தி தன் ஆராய்ச்சியைப் பண்ணிக்கிட்டு இருந்தார். விடை இடிச்சுது. தேடித் தேடிப் போனா, சிப்புக்குள்ள வகுத்தலுக்கான ஒரு அட்டவணை. அதுல மதிப்பு இருக்க வேண்டிய 1,066 இடத்துல 5 இடம் காலி. 900 கோடி வகுத்தல்ல ஒண்ணுதான் தப்பா வரும்னு இன்டெல் முதல்ல சமாதானம் சொல்லிப் பாத்துச்சு. கடைசியில சிப்பை மாத்திக் கொடுக்க 47.5 கோடி டாலர் ஒதுக்குச்சு. உலகத்துலயே சிறந்த ஆட்கள் செஞ்ச சிப் அது. மேஜை மேல இருந்ததால மாத்திக் கொடுக்க முடிஞ்சது. 30,000 அடி உயரத்துல மாத்திக் கொடுக்க முடியாது.

பொருளை விட்டுட்டு பாதையைப் பாரு

அப்ப என்ன வழி? விமான உலகம் ஒரு பதில் கண்டுபிடிச்சுச்சு. பொருளை முழுசா பாக்க முடியலன்னா, அந்தப் பொருள் உருவான பாதையை முழுசா பாரு.

முதல்ல இதைச் சாஃப்ட்வேருக்குத்தான் செஞ்சாங்க. 1980களோட ஆரம்பத்துல டி.ஓ.-178ங்கற வழிகாட்டி வந்துச்சு, 1992ல அதோட 'பி' பதிப்பு. ஒவ்வொரு வரி கோடும் எந்தத் தேவைக்காக எழுதினது, யார் சரிபார்த்தது, எந்தச் சோதனை அதைத் தொட்டதுன்னு பதிவு வேணும். செலவு எகிறுச்சு. அதே சமயம் ஒரு புது வகைச் சிப்பும் பரவ ஆரம்பிச்சுச்சு. எஃப்.பி.ஜி.ஏ.ன்னு சொல்வாங்க. வாங்கும்போது வெத்துப் பலகை மாதிரி. நாம கம்ப்யூட்டர்ல ஒரு வடிவத்தை எழுதி ஏத்தினா, அது உள்ளுக்குள்ள அந்த சர்க்யூட்டாவே மாறிடும். எழுதற மொழியைப் பாத்தா அசல் புரோகிராம் மாதிரியே இருக்கும். ஆனா அது 'வன்பொருள்', அதனால சாஃப்ட்வேர் விதி பொருந்தாது. கெடுபிடி இருக்கற வேலையைச் சத்தமில்லாம சிப்புக்குள்ள தள்ளிட ஒரு பின்வாசல் கிடைச்ச மாதிரி ஆச்சு.

அந்தப் பின்வாசலை மூடத்தான் 2000 ஏப்ரல் 19ஆம் தேதி டி.ஓ.-254 வந்துச்சு. அமெரிக்காவோட ஆர்.டி.சி.ஏ.வும் ஐரோப்பாவோட யூரோகேயும் சேர்ந்து எழுதினது. தேஜஸ் பறந்ததுக்கு எட்டரை மாசம் முன்னாடி. நம்ம கம்ப்யூட்டரோட வடிவமைப்பு அதுக்கு முன்னாலயே தொடங்கினது. அதாவது, சிக்கலான சிப்பை எப்படி நம்பறதுன்னு பெங்களூரு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்த அதே வருஷங்கள்ல, உலகமே அதே கேள்விக்கு இன்னும் பதில் எழுதிக்கிட்டுதான் இருந்துச்சு.

டி.ஓ.-254 என்ன சொல்லுது? முதல்ல, இந்தச் சிப் கெட்டா என்ன ஆகும்னு கேளு. விமானமே போகும்னா 'ஏ' நிலை. ஒண்ணும் ஆகாதுன்னா 'இ' நிலை. நடுவுல பி, சி, டி. 'ஏ' நிலையில வர்ற பேரழிவு மாதிரி விபத்துக்கு, பயணிகள் விமான உலகம் வச்சிருக்கற அளவுகோல் 100 கோடி பறப்பு மணி நேரத்துக்கு ஒண்ணுக்கும் கீழ. 100 கோடி மணி நேரம்னா ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் வருஷம்.

அடுத்து, எளியதா சிக்கலானதா? எளியதுன்னு சொன்னா வேலை குறைவுன்னு நினைச்சு நிறைய பேர் அந்தப் பக்கம் சாய்வாங்க. ஆனா 'எளியது'ன்னு சொல்றவர் எல்லா நிலையையும் சோதிச்ச பதிவைக் காட்டணும். காட்ட முடியலன்னா அது சிக்கலானதுதான். சிக்கலானதுன்னா திட்டம், தேவை, வடிவமைப்பு, தயாரிப்புன்னு ஒவ்வொரு படிக்கும் ஆவணம் வேணும். 'ஏ', 'பி' நிலையில வடிவமைச்சவரே தன் வேலையைத் தானே சரிபார்த்துட்டு முடிஞ்சதுன்னு சொல்ல முடியாது, இன்னொரு கண் வேணும். கடைசியா செஞ்ச ஒரு மாற்றத்தைக் கூட எந்தத் தேவையில இருந்து வந்துச்சுன்னு பின்னோக்கிப் போய்ப் பிடிக்க முடியணும்.

எழுதினது 2000ல. அமெரிக்க விமானத் துறை அதை அதிகாரபூர்வமா ஏத்துக்கிட்டது 2005ல. எளியது எது, சிக்கலானது எது, அதிகாரிகள் எப்படிப் பரிசோதிக்கணும்னு தனி உத்தரவு வந்தது 2008ல. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஒரே மாதிரி திருத்தின வழிகாட்டிக்கு வந்து சேர 2020, 2022 ஆயிடுச்சு. ஒரு கோட்டைச் சரியா போட 20 வருஷம்.

இரும்புப் பறவை

இப்ப மறுபடி பெங்களூருக்கு வருவோம். 1998க்கு அப்புறம் ஏ.டி.ஏ., என்.ஏ.எல்., எச்.ஏ.எல்., பறப்புக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் வேலையைப் பாத்த ஏ.டி.இ., எல்லாரும் மீதி வேலையை இங்கயே முடிச்சாங்க. அதுல முக்கியமான இடம் 'அயர்ன் பேர்டு', இரும்புப் பறவை. பறக்காத விமானம் அது. உண்மையான கம்ப்யூட்டர், உண்மையான ஹைட்ராலிக்ஸ், உண்மையான மடிப்புகள், எல்லாத்தையும் ஒரு இரும்புச் சட்டத்துல பொருத்தி, பறக்கற மாதிரி ஏமாத்தி ஓட்டுவாங்க. ஒரு தடத்தை வேணும்னே கொல்லுவாங்க, ரெண்டாவதையும் கொல்லுவாங்க, சென்சாருக்குப் பொய் சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவையும் விடையை எழுதி வைப்பாங்க.

அந்தப் பதிவுகள்தான் கடைசியில சான்றிதழ் மேஜைக்குப் போகும். ராணுவ விமானத்துக்கு நம்ம நாட்டுல அந்த மேஜை பெங்களூருல இருக்கற செமிலாக். ராணுவ விமானங்கள் பறக்கத் தகுதியானதான்னு சான்று கொடுக்கற அமைப்பு. பயணிகள் விமானத்துக்கு டி.ஜி.சி.ஏ. மாதிரின்னு வச்சுக்கலாம்.

செமிலாக்கும் டி.ஆர்.டி.ஓ.வுக்குள்ளதானே இருக்கு, தன் வீட்டுப் பிள்ளைக்குத் தானே மார்க் போட்ட மாதிரி இல்லையான்னு நீங்க கேக்கலாம். கேக்கணும். அதனாலதான் பதிவு முக்கியம். ஆளை நம்பு, அமைப்பை நம்புன்னு சொன்னா அது விசுவாசம். பதிவைத் திறந்து, சம்பந்தமே இல்லாத ஒருத்தர் பத்து வருஷம் கழிச்சு வந்தாலும் அதே முடிவுக்கு வர முடியும்னா அதுதான் சான்று. கோத்தியால் அன்னைக்கு ஏறினப்ப அவரோட தைரியம் பெருசுதான், அதுல சந்தேகமே இல்ல. அந்தத் தைரியம் கால் ஊன்றி நின்ன இடம் அந்தப் பதிவுகள்.

12.8 கோடி மணி நேரத்துல மூணு தடவை

"எல்லாம் சரி, இவ்வளவு பேப்பர் இருந்தா விபத்தே நடக்காதா?" நடக்கும். 2008 அக்டோபர் 7. சிங்கப்பூர்ல இருந்து பெர்த் போன குவாண்டாஸ் 72. ஏர்பஸ் ஏ330, 37,000 அடி உயரம், 315 பேர். திடீர்னு விமானம் மூக்கைக் கீழ குத்துச்சு. பெல்ட் போடாதவங்க கூரையில போய் மோதினாங்க. கொஞ்ச நேரத்துல இன்னொரு தடவை. குறைஞ்சது 110 பயணிகளுக்கும் 9 ஊழியர்களுக்கும் காயம். பைலட்டுகள் லியர்மன்த்ல இறக்கி எல்லாரையும் காப்பாத்தினாங்க.

விசாரணையில தெரிஞ்சது இது. விமானம் எந்தக் கோணத்துல காத்தை எதிர்கொள்ளுதுன்னு கணக்குச் சொல்ற பெட்டி மூணு இருந்துச்சு. அதுல ஒண்ணு, உயரத்துக்கான எண்ணை எடுத்து கோணம்னு லேபிள் ஒட்டி அனுப்பியிருக்கு. விமானத்தோட கம்ப்யூட்டர் அதை வடிகட்டியிருக்கணும், ஆனா பொய்த் தகவல் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில வந்ததால வடிகட்டியைத் தாண்டிடுச்சு. அந்த வகைப் பெட்டிகள் மொத்தம் 12.8 கோடி மணி நேரம் ஓடினதுல இந்தக் கோளாறு வந்தது மூணே மூணு தடவை. பெட்டியைத் திரும்பத் திரும்பச் சோதிச்சும், அந்தக் கோளாறைத் தூண்டினது எதுன்னு கடைசி வரைக்கும் பிடிபடல.

இதைக் கேட்டா பதிவெல்லாம் வீண்னு தோணலாம். எனக்குத் தோணறது நேர் எதிர். கோளாறு எங்கன்னு தெரியாமலே, கம்ப்யூட்டரோட வடிகட்டியில ஓட்டை எங்கன்னு கண்டுபிடிச்சு அடைக்க முடிஞ்சுது. ஏன்னா அந்த வடிகட்டி எதுக்காக, எப்படி எழுதப்பட்டதுன்னு பின்னோக்கிப் போக ஒரு பாதை இருந்துச்சு. தப்பே வராதுன்னு எந்தப் பதிவும் சத்தியம் பண்ணாது. தப்பு வந்தா அடுத்த விமானத்துக்கு அது வராம பாத்துக்க வழி வைக்கும்.

சூலூர்

2016 ஜூலை 1ஆம் தேதி தேஜஸோட முதல் படைப்பிரிவு, 45ஆம் எண் ஸ்குவாட்ரன், பெங்களூருல உருவாச்சு. 2018ல சூலூருக்கு வந்துச்சு. 2020 மே மாசம் 18ஆம் எண் ஸ்குவாட்ரனும் தேஜஸோட சூலூர்லயே சேர்ந்துச்சு. கோயம்புத்தூர் நண்பர்களே, உங்க தலைக்கு மேல அந்தச் சத்தம் கேட்டிருப்பீங்க.

தேஜஸோட முதல் விபத்து 2024 மார்ச் 12 அன்னைக்கு, ராஜஸ்தான் ஜெய்சல்மேர்ல. 23 வருஷம் பறந்ததுல அதுதான் முதல். பைலட் குதிச்சுத் தப்பிச்சார். 2025 நவம்பர் 21ல துபாய் விமானக் கண்காட்சியில இன்னொண்ணு விழுந்துச்சு, அதுல பைலட் இறந்துட்டார். எந்த விபத்துக்கும் காரணம் எதுவா வேணும்னாலும் இருக்கலாம். ஆனா எந்த விசாரணையும் தொடங்கற இடம் ஒண்ணுதான், பதிவுகள்.

அந்த முதல் விபத்துக்கு மூணு வாரம் முன்னாடி, 2024 பிப்ரவரி 19ல, இன்னொரு விஷயம் நடந்துச்சு, அது பெருசா பேசப்படல. தேஜஸ் மார்க் 1ஏ ரகத்துக்காக ஏ.டி.இ. செஞ்ச புது பறப்புக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் முதல் தடவையா ஒரு மாதிரி விமானத்துல பறந்துச்சு. இப்பவும் நாலு தடம்தான். சாஃப்ட்வேர் டி.ஓ.-178சி, 'ஏ' நிலைக்கு ஏத்த மாதிரி. உள்ள வர்ற, வெளிய போற தகவல்களைப் பிராசஸர் உதவியில்லாம வன்பொருளே வேகமா கவனிச்சுக்கற மாதிரி ஒரு அமைப்பு. அதாவது வேலை இன்னும் கொஞ்சம் சிப்புக்குள்ள போயிருக்கு. 1988ல வேண்டாம்னு சொன்ன அனலாக் தடம் இன்னைக்கும் இல்ல. 'கைடுல தப்பில்ல'ன்னு நிரூபிக்கற வேலை, அதனால, இன்னைக்கும் தொடருது.

இதைக் கேக்கறவங்கள்ல பாதிப் பேர் ஐ.டி.யிலயோ எலக்ட்ரானிக்ஸ்லயோ இருப்பீங்க. டாக்குமென்டேஷன்னு சொன்னாலே முகம் சுளிக்கற கூட்டம்தான் நாம. டெஸ்ட் ரிப்போர்ட்டைப் போன மாசத்துல இருந்து காப்பி பண்ணி தேதியை மட்டும் மாத்தற ஆபீஸ்களும் உண்டு. அது சோம்பேறித்தனம்னு நினைச்சுக்கறோம். முழுசா பாக்கவே முடியாத ஒரு பொருளைச் செய்யறவங்களுக்கு, எழுதி வைக்கற அந்தக் காகிதமும் அந்தப் பொருளோட ஒரு பாகம். இறக்கை மாதிரி, டயர் மாதிரி. அது இல்லாம கிளம்பினா, நாலு கம்ப்யூட்டர் இருந்தும் நம்பிக்கை பூஜ்யம்தான்.

1998ல நியூயார்க்ல நின்னு போனது அந்தப் பாகம். 2001 ஜனவரியில பெங்களூருல பறந்தது, அதையும் சேர்த்து இங்கயே செஞ்ச விமானம். நான் அந்த 18 நிமிஷத்தைப் பெருசா நினைக்கறது அதனாலதான்.

அடுத்த வாரம் வேற ஒரு கதையோட வர்றேன். இந்தத் துறையில வேலை செய்யறவங்க யாராவது கேட்டுக்கிட்டு இருந்தா, நீங்க பாத்த சான்றிதழ் அனுபவங்களை எழுதி அனுப்புங்க, சேர்ந்து பேசலாம்.